பிணவறைக்கு ஒன்பதை அழுத்தவும்

"நம்ம ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றவங்கள்ல பாதிப் பேருக்கு மேல நேரா பிணவறைக்குப் போறாங்க. இது எப்படிய்யா?"

கேட்டவர் பெரிய டாக்டர். எதிரே நின்றவன், ஆஸ்பத்திரியின் போன்களைப் பார்த்துக்கொள்ளும் போன்காரன். 'எல்லாரும் கடைசியில் அங்கேதானே சார் போகணும்' என்று ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினான். மூன்றாவது மாடியில், ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் அவனுடைய அப்பா ஒரு பக்கம் கைகால் விழுந்துபோய்ப் படுத்திருந்தார். அந்தக் கட்டில் அவன் வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த சலுகை. வேலை போனால் கட்டிலும் போகும். கட்டில் போனால் அப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவில்தான் நிற்கவேண்டும்.

அதனால், "பாக்குறேன் சார்" என்றான்.

"என்னத்தைப் பாக்குறே? இதைப் பாரு."

பெரிய டாக்டர் கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பினார். வட்டமாக ஒரு படம். எந்தப் பிரிவுக்கு எத்தனை பேர் போன் பண்ணினார்கள் என்பதை ஒவ்வொரு நிறத்தில் காட்டும் படம். வட்டம் முக்கால்வாசி கறுப்பாக இருந்தது. ஓரத்தில் மட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பெல்லாம் ஒட்டிக்கொண்டு உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தன.

"கறுப்பு எது?"

"பிணவறை சார்."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் பணம் போட்ட பெரிய மனுஷங்க வர்றாங்க. வந்ததும் இந்தப் படத்தைத்தான் கேப்பாங்க. இதைக் காட்டினா என்ன நினைப்பாங்க? இது ஆஸ்பத்திரியா, மயானத்துக்கு முன்வாசலான்னு கேக்க மாட்டாங்க?"

"சர்வர்ல ஏதோ கோளாறு சார்."

"சாயங்காலத்துக்குள்ள எனக்கு இந்தக் கறுப்பு போகணும். இல்லேன்னா வெளிக் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு ஒப்படைச்சுடுவேன். நீ உங்கப்பாவைக் கூட்டிட்டுக் கிளம்பலாம்."

'கூட்டிட்டு' என்று அவர் சொன்ன விதத்தில், அப்பா என்னவோ பெட்டி படுக்கையோடு வாசலில் தயாராக நிற்பதுபோல் இருந்தது.

மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைதான் போன்காரனின் ராஜ்ஜியம். உள்ளே குளிர்ப்பெட்டிபோல் ஜில்லென்று இருக்கும். ஓர் அலமாரி, அதில் விளக்குகள் கண்சிமிட்டும் பிராக்ஸி சர்வர். ஆஸ்பத்திரியின் போன்கள் எல்லாம் இன்டர்நெட் வழியாக ஓடுபவை. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்பும் முதலில் இந்தச் சர்வரின் வாசலில் வந்து நிற்கும். 'வார்டுக்கு மூன்றை அழுத்தவும், மருந்தகத்துக்கு நான்கை அழுத்தவும்' என்று ஒரு பதிவுக்குரல் வரிசையாகச் சொல்லும். கடைசியாக, கொஞ்சம் தாழ்ந்த குரலில், 'பிணவறைக்கு ஒன்பதை அழுத்தவும்.' அழுத்திய எண்ணைக் கேட்டுச் சர்வர் அந்த அறைக்கு வழிவிடும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த உத்தியோகம்.

உட்கார்ந்ததும் சட்டைப்பையில் செல்போன் நடுங்கியது. அக்கா.

"டேய், அப்பா எப்படிடா இருக்காரு?"

"நல்லா இருக்காருக்கா."

"போய்ப் பாத்தியா?"

"மூணாவது மாடியிலதானே இருக்காரு? எங்க போயிடப் போறாரு! வேலையா இருக்கேன், அப்புறம் பேசுறேன்."

அக்கா வேறு ஊரில் வாக்கப்பட்டவள். அவளுக்கு விளக்கமாகச் சொன்னால் அழுவாள். சுருக்கமாகச் சொன்னால் திட்டுவாள். அதனால் அவன் எப்போதும் சொல்லாமலே வைத்துவிடுவான்.

சர்வரின் பதிவுகளைத் திறந்து பார்த்தான். யார் கூப்பிட்டார்கள், எந்த எண்ணை அழுத்தினார்கள் என்பதெல்லாம் அதில் வரும். ஒன்பது. ஒன்பது. ஒன்பது. நடுவில் ஒரு நான்கு. மறுபடி ஒன்பது.

மூளையுள்ள மனிதன் எவனாவது ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஒன்பதை அழுத்துவானா? மாட்டான். அப்படியென்றால், ஜனங்கள் மூன்றைத்தான் அழுத்துகிறார்கள். சர்வரின் காதில் அது ஒன்பதாக விழுகிறது. இந்தத் தொழிலில் நடக்காத விஷயமில்லை. எண்ணின் சத்தமும் பேச்சோடு பேச்சாகத்தான் வருகிறது. வழியில் நசுங்கினால் ஒன்று இன்னொன்றாகிவிடும்.

தன் செல்போனிலிருந்தே ஆஸ்பத்திரிக்கு அடித்து மூன்றை அழுத்திப் பார்த்தான். சர்வர் ஒழுங்காக வார்டுக்கு அனுப்பியது. முதல் மணி கேட்டதும் வைத்துவிட்டான். மணி அடித்துவிட்டால் போன்காரன் வேலை முடிந்தது. கல்யாணத்தை நடத்தி வைப்பதோடு புரோக்கர் ஒதுங்கிக்கொள்வதில்லையா, அதுபோல.

ஆக, அவனுக்கு மட்டும் சரியாகப் போகிறது. ஊருக்கெல்லாம் தப்பாகப் போகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒருவர்கூட இதுவரை புகார் செய்யவில்லை. பாவம், பேயறைந்ததுபோல் போனை வைத்துவிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

எதற்கும் நேரில் விசாரித்துவிடலாம் என்று பிணவறைக்கு இறங்கினான். அங்கே காவலுக்கு இருந்தவரை எல்லாரும் ஐஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கலாம். ஆள் வாயாடி. அப்படிப்பட்டவருக்குப் பேச்சுத் துணை இல்லாத இடமாகப் பார்த்து வேலை கொடுத்திருந்தார்கள்.

போன்காரன் போனபோது ஐஸ் அண்ணன் கையில் போன் இருந்தது. "சரிம்மா... சரிம்மா... கவலைப்படாம தூங்கும்மா" என்று சொல்லி அவசரமாக வைத்தார்.

"யாருண்ணே?"

"யாரோ ஒரு அம்மா."

"தப்பா வந்த காலா?"

ஐஸ் அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "வந்தது வந்துச்சு. பேசினேன்."

"என்ன பேசினீங்க?"

"கேட்டதுக்குப் பதில்."

"பிணவறைன்னு சொன்னதும் கத்தலையா?"

"எதுக்குக் கத்துறாங்க? நான் என்ன கடிக்கவா போறேன்?" என்றவர், குரலைத் தணித்தார். "தம்பி, மேலே ஏதும் சொல்லிடாதே. போன் பேசிட்டே இருக்கேன்னு தெரிஞ்சா பெரிய டாக்டர் என்னையும் இந்த வரிசையில படுக்க வச்சுடுவாரு."

"நான் ஏன்ணே சொல்றேன்! போன் வழிமாறி வருது, அதைச் சரிபண்ணத்தான் வந்தேன்."

"வழிமாறி வருதா?" ஐஸ் அண்ணன் முகம் என்னவோ போலாயிற்று. பிறகு பேச்சை மாற்றினார். "உங்கப்பா காலையில ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருக்காரு. முகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு."

போன்காரன் ஒரு எட்டுப் பின்வாங்கினான். பிணவறைக்காரர் எதற்காக மூன்றாவது மாடிக்குப் போய் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்? நீள அகலம் பார்க்கவா? கேட்கப் பயந்துகொண்டு படியேறி வந்துவிட்டான்.

எண்ணின் சத்தம் நசுங்காமல் வர ஒரு வழி இருந்தது. பேச்சோடு சேர்க்காமல் தனிச் செய்தியாக அனுப்பச் சொல்லலாம். அப்படியே மாற்றினான். மாற்றிவிட்டு ஒரு டீ குடித்தான். டீ பாதியில் இருக்கும்போதே பெரிய டாக்டரிடமிருந்து ஆள் வந்துவிட்டது.

அறைக்குள் போனால், பெரிய டாக்டர் போனைப் பாம்பைப் பிடிப்பதுபோல் எட்டப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரு எப்படி இருக்காரு?"

"நான் அண்ணன் இல்லம்மா! பெரிய டாக்டர் பேசுறேன்!"

 அந்தப் பக்கம் ஒரு அலறல். "ஐயையோ! டாக்டரே போனை எடுத்துப் பேசுறாரா? அப்போ அவரு போயிட்டாரா!"

"போகலம்மா! நல்லா இருக்காரு! இருப்பாரு! யாரும்மா உங்க வீட்டுக்காரரு?"

கேட்க ஆளில்லை. போனுக்குள் ஒரு வீடே கூடி ஒப்பாரி வைக்கத் தொடங்கியிருந்தது.

"இது எத்தனாவது ஆள் தெரியுமாய்யா?" பெரிய டாக்டரின் நெற்றி வேர்த்திருந்தது. "நான் ஹலோன்னு சொன்னாலே அந்தப் பக்கம் அழுறாங்க!"

போன்காரன் தன் அறைக்கு ஓடிவந்து பார்த்தான். புது வழியில் எண் நசுங்கவில்லை. ஆனால் பழைய வழியிலும் வந்துகொண்டிருந்தது. ஒரு தடவை அழுத்தினால் சர்வர் இரண்டு தடவையாக எடுத்துக்கொண்டது. ஒன்பது, தொண்ணூற்றொன்பதாகிவிட்டது. தொண்ணூற்றொன்பது பெரிய டாக்டரின் சொந்த எண்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்று முனகிக்கொண்டே எல்லாவற்றையும் பழையபடி மாற்றினான். சத்தத்தில் பிழையில்லை என்றால், அந்த ஒன்பதிலேயே ஏதோ தோஷம் இருக்கவேண்டும். சரி, ஒன்பதை வார்டுக்குக் கொடுத்துவிடுவோம். பிணவறையை ஏழுக்குத் தள்ளுவோம். வாயில் எச்சிலைக் கூட்டி விழுங்கி, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, தன் குரலிலேயே புதிதாகப் பதிவுசெய்தான்: 'பிணவறைக்கு ஏழை அழுத்தவும்.'

பிறகு பதிவுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஏழு.

ஏழு. ஏழு. ஏழு.

ஒன்பது நாதியற்றுக் கிடந்தது.

 எண்ணை மாற்றினாலும் சர்வர் இடத்தை மறக்கவில்லை. மோப்பம் பிடித்துக்கொண்டு போகிறது. பழைய வழிகள் அதன் ஞாபகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைச் சுத்தமாகத் துடைத்தால்தான் விடிவு என்று தோன்றியது. கடவுளே என்று ஞாபகம் முழுவதையும் அழித்துச் சர்வரை நிறுத்தி எழுப்பினான்.

எழுந்த சர்வருக்கு யார் எந்த அறை என்று தெரியவில்லை. புத்தி தெளியாத ஆளைப்போல, வந்த ஒவ்வொரு அழைப்பையும் எல்லா அறைக்கும் சேர்த்தே அனுப்பியது. வார்டு, மருந்தகம், ரத்தப் பரிசோதனை, அறுவை அரங்கம், சலவை அறை என்று ஆஸ்பத்திரி முழுக்க ஒரே நேரத்தில் மணி அடித்தது.

மூன்றாவது மாடியின் பெரிய சிஸ்டர் மூச்சிரைக்க இறங்கி வந்து, இடுப்பில் கைவைத்து வாசலில் நின்றார்.

"ஏம்ப்பா போன்காரா, என்னப்பா இது கோயில் மணி மாதிரி? இந்தச் சத்தத்துல மாத்திரையை எண்ண முடியலை. மூணு தடவை விட்டுட்டு விட்டுட்டு எண்ணுறேன்."

"சர்வர் ஞாபகம் திரும்புற வரைக்கும் அப்படித்தான் இருக்கும் சிஸ்டர்."

"அது ஞாபகம் திரும்புறதுக்குள்ள எனக்கு ஞாபகம் போயிடும். மொதல்ல சத்தத்தை நிறுத்து."

"நிறுத்த முடியாது சிஸ்டர். வேணும்னா குறைக்கலாம்."

"எவ்வளவு குறைக்கலாம்?"

"காதை வச்சாத்தான் கேக்கும். சின்ன விளக்கு மட்டும் பளிச் பளிச்னு எரியும்."

"நீ நல்லா இருப்பே. எல்லா மாடிக்கும் அப்படியே பண்ணிடு."

எல்லா மாடிக்கும் பண்ணினான். அன்றைக்கு அவனை யாராவது வாழ்த்தியது அது ஒன்றுதான்.

"அப்பா எப்படி இருக்காரு சிஸ்டர்?"

"உங்கப்பா எந்தக் கட்டில்?" என்று கேட்ட பெரிய சிஸ்டர், பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

செல்போன் மறுபடி நடுங்கியது. அக்கா. அவன் அதை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினான். இழுப்பறைக்குள் அது கொஞ்சநேரம் முணுமுணுத்துவிட்டு ஓய்ந்தது.

திரும்பிப் பதிவைப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொரு அழைப்பும் எல்லா அறைக்கும்தான் போயிருக்கிறது. எல்லாக் கதவும் திறந்துதான் கிடக்கிறது. ஆனாலும், கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் என்று பார்த்தால் ஒவ்வொன்றும் பிணவறை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இது சர்வர் இல்லை, சனியன்" என்று வாய்விட்டுச் சொன்னான்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு தெருவில் நிற்பதுபோல் ஒரு காட்சி கண்ணுக்குள் வந்து வந்து போனது. அந்தக் காட்சியில் அப்பாவின் செருப்பு ஒன்று நழுவி விழுகிறது. அவனால் குனிந்து எடுக்க முடியவில்லை.

எழுந்தான். இனி மருத்துவம் இல்லை, அறுவைதான். சர்வருக்கு ஞாபகத்தைத் திரும்பக் கொடுத்து, எல்லா அறைகளையும் அதனதன் எண்ணில் உட்கார வைத்தான். பிணவறையின் பெயரை மட்டும் அடியோடு நீக்கினான். பதிவுக்குரலிலும் அந்த வரியை எடுத்துவிட்டான். யாராவது ஏழையோ ஒன்பதையோ அழுத்தினால் நேரே வார்டுக்குப் போகும்படி செய்தான். அதுவும் போதாது. சனியன் எந்த ஓட்டையில் நுழையுமோ! கீழே இறங்கிப் போய் போன் பெட்டியையே வயரோடு பிடுங்கினான்.

ஐஸ் அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"தம்பி, இதையும் எடுத்துட்டுப் போனா நான் யார்கிட்டப் பேசுறது? இவங்ககிட்டயா?" என்று பின்னால் இருந்த இழுப்பறைகளைக் காட்டினார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. பெரிய டாக்டர் உத்தரவு."

"ஒரே ஒரு காலு மட்டும் பேசிக்கிறேன் தம்பி. ஒரு அம்மாகிட்ட சாயங்காலம் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"போன் செத்துப்போச்சுண்ணே."

"அதையும் இங்கேயே விட்டுட்டுப் போ. எல்லாத்தோட இருக்கட்டும்" என்றார் ஐஸ் அண்ணன். சிரிப்புக்காகத்தான் சொன்னார். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் பெரிய டாக்டர் திரையைப் பார்த்தார். புதிதாக வரைந்த வட்டத்தில் கறுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. பச்சையும் மஞ்சளும் சிவப்பும் ஹோலி விளையாடியதுபோல் இல்லாவிட்டாலும், நல்ல பழத்தட்டுபோல் பளபளத்தது.

"ஒருத்தர்கூடப் பிணவறைக்குப் போகலையா?"

"வழியே இல்ல சார்."

"வார்டுக்கு எவ்வளவு பேர் பாரு! இதுதான்யா ஆஸ்பத்திரி." பெரிய டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "உங்கப்பா எத்தனை நாள் வேணுமோ இருக்கட்டும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

போன்காரனுக்குக் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. காலிலேயே விழுந்திருப்பான், கையில் பிடுங்கிய போன் இருந்ததால் முடியவில்லை.

அப்பாவிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. பல நாளாக எட்டிப் பார்க்காத மாடிக்கு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல், படியேறினான். முதல் மாடியில் யாருமில்லாத மேசையின்மேல் ஒரு போன் விளக்குச் சிமிட்டிக்கொண்டிருந்தது. காதைக் கூர்மையாக்கினால் மெல்லிய மணி கேட்டது. இரண்டாவது மாடியிலும் விளக்குகள். மூன்றாவது மாடியில், பேசிச் சிரித்துக்கொண்டிருந்த சிஸ்டர்களின் முழங்கையருகே இன்னொரு விளக்கு. ஒவ்வொரு மணியும் அதனதன் அறையில் சரியாக அடித்துக்கொண்டிருந்தது. அவன் மனம் குளிர்ந்தது.

வார்டு வாசலை நெருங்கும்போது செல்போன் நடுங்கியது. இந்தத் தடவை நல்ல சேதி இருந்ததால் எடுத்தான்.

"அக்கா! ஒரு சந்தோஷமான விஷயம்..."

"அப்பா இருக்காராடா?" அழுது அழுது அக்காவின் குரல் உடைந்துபோயிருந்தது.

"என்னக்கா இப்படிக் கேக்குறே? இருக்காரு. நல்லா இருக்காரு."

"நீ பாத்தியா? சத்தியமா உன் கண்ணால பாத்தியா?"

"இதோ, பாக்கத்தான் போயிட்டு இருக்கேன்."

"ரெண்டு மணி நேரமா ஆஸ்பத்திரிக்கு அடிச்சிட்டே இருக்கேன். மணி அடிக்குது, அடிக்குது, அடிச்சிட்டே இருக்குது. நான் என்னன்னுடா நினைக்கிறது? ஊருக்குக் கிளம்பலாம்னு துணியெல்லாம் எடுத்து வச்சுட்டேன்."

"எந்த நம்பரை அமுக்குனே?"

"மொதல்ல ஒன்பது. அப்புறம் ஏழு. ஒண்ணுமே கிடைக்கலை."

போன்காரனுக்குச் சிரிப்பு வந்தது. படித்தவளாயிருந்தும் அக்காவுக்கு ஒன்பதுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே!

"அதான் தப்பு. வார்டுக்கு நீ மூணைத்தான் அமுக்கணும். ஒன்பது, ஏழெல்லாம் பிணவறைக்கு அக்கா!"

"தெரியும்டா!" என்று கத்தினாள் அக்கா. "எங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சேதான்டா தினமும் அமுக்குறோம். உங்க ஆஸ்பத்திரியில போன் அடிச்சா எடுக்கிற ஒரே உயிர் பிணவறையிலதானே இருக்கு!"